ஈரப்பதனும் அறை வளிச்சீராக்கியின் நீர் வடிகாலும்

க.பொ.த. உயர்தரம் – பௌதிகவியல், தொழினுட்பவியல் மாணவர்களுக்கான மீட்டற் பாடம்



ஈரப்பதன் என்னும் பாடப்பகுதியில் வரைவிலக்கணங்களை மனனம் செய்து எழுதிவிடலாம். ஆனால் அதே பாடத்தை ஓர் அன்றாட நிலைமையுடன் பொருத்தி வினவும்போது பலர் தடுமாறுகின்றனர். அவ்வாறான நிலைமை ஒன்றை எடுத்துக்கொண்டு இப்பாடத்தை மீட்டிப் பார்ப்போம்.

நிலைமை: ஒரு பாடசாலையின் கணினிக் கூடத்தில் சுவரில் பொருத்தப்பட்ட வளிச்சீராக்கி ஒன்று உண்டு. விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் அதிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. சொட்டும் இடத்தின் கீழே கணினிகளும் மின்வழங்கற் பலகையும் இருந்தமையால் கூடம் மூடப்பட்டது. செய்முறைப் பரீட்சைக்கு மூன்று வாரங்களே இருந்தன. "இயந்திரம் பழுதாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டும்" என்றார் ஒருவர். "உள்ளே இருக்கும் வாயு கசிந்து நீராகிறது" என்றார் இன்னொருவர். இருவர் கூற்றும் சரியா? இப்பாடத்தின் முடிவில் விடையை நீங்களே கூறுவீர்கள்.

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால் முடிய வேண்டியவை

1. வளிச்சீராக்கியில் நீர் தோன்றும் காரணத்தைப் பனிபடுநிலை கொண்டு விளக்குதல்.
2. ஒரு மணித்தியாலத்தில் ஒடுங்கும் நீரின் திணிவைக் கணித்தல்.
3. நீர் சொட்டும் இடம், நேரம் என்பவற்றிலிருந்து பழுதை இனங்காணுதல்.
4. பாதுகாப்பான பரிகாரத்தையும், தொழினுட்பவியலாளரை அழைக்க வேண்டிய சந்தர்ப்பத்தையும் வேறுபடுத்திக் கூறுதல்.

1. நீர் எங்கிருந்து வருகிறது?

வளிச்சீராக்கிக்குள் நீர்த்தாங்கி எதுவும் இல்லை. சொட்டும் நீர் முழுவதும் அறையின் வளியில் ஆவியாக இருந்த நீரே ஆகும். குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளிப்பக்கத்தில் நீர்த்துளிகள் படிவதை நீங்கள் அவதானித்திருப்பீர்கள். அந்த நீர் போத்தலுக்குள் இருந்து வந்ததன்று. இங்கும் அதுவே நிகழ்கிறது.

நினைவிற் கொள்க:

தனியீரப்பதன் – ஓரலகுக் கனவளவு வளியில் உள்ள நீராவியின் திணிவு.

சாரீரப்பதன் – குறித்த கனவளவு வளியில் உள்ள நீராவியின் திணிவுக்கும், அதே வெப்பநிலையில் அக்கனவளவை நிரம்பச் செய்யத் தேவையான நீராவியின் திணிவுக்கும் உள்ள விகிதம். இது பொதுவாக நூற்று வீதத்தில் தரப்படும்.

பனிபடுநிலை – வளியில் உள்ள நீராவி அவ்வளியை நிரம்பச் செய்வதற்குப் போதுமானதாகும் வெப்பநிலை.

ஒரு மேற்பரப்பின் வெப்பநிலை சூழவுள்ள வளியின் பனிபடுநிலையிலும் குறைந்தால் அம்மேற்பரப்பில் நீராவி ஒடுங்கும். வளிச்சீராக்கியின் உள் அலகில் ஆவியாக்கிச் சுருள் உண்டு. அது அலுமினியச் செட்டைகள் பொருத்தப்பட்ட செப்புக் குழாய்ச் சுருளாகும். குளிரூட்டற் பதார்த்தம் இதனுள் ஆவியாகும்போது மறைவெப்பத்தைச் சுருளிலிருந்து உறிஞ்சும். அதனால் சுருளின் வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வரை அல்லது அதற்கும் கீழே இறங்குகிறது. ஈரமான நமது காலநிலையில் அறை வளியின் பனிபடுநிலை இதிலும் கூடியதாகவே இருக்கும். ஆகவே நீர் ஒடுங்குதல் பழுது அன்று. அது சாதனம் சரியாக இயங்குவதற்கான அறிகுறியாகும்.

உண்மையில் வளிச்சீராக்கி உருவானதே ஈரத்தை அகற்றுவதற்காகத்தான். 1902 இல் நியூயோர்க் நகரின் புறூக்லின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரப்பதன் மாறும்போது கடதாசி விரிந்து சுருங்கியதால் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. இதனைத் தீர்க்கவே வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் தமது முதல் வளிச்சீராக்கித் தொகுதியை வடிவமைத்தார்.

2. எவ்வளவு நீர்?

நிரம்பிய வளியின் ஒரு கன மீற்றரில் உள்ள நீராவியின் திணிவு பின்வருமாறு:

10 பாகை செல்சியஸ் – 9.4 கிராம்
15 பாகை செல்சியஸ் – 12.8 கிராம்
20 பாகை செல்சியஸ் – 17.3 கிராம்
25 பாகை செல்சியஸ் – 23.0 கிராம்
30 பாகை செல்சியஸ் – 30.4 கிராம்

உதாரணம்: கணினிக் கூடம் 8 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் உடையது. வெளி வளி 30 பாகையிலும் 80% சாரீரப்பதனிலும் உள்ளது. அறை 25 பாகையிலும் 55% சாரீரப்பதனிலும் பேணப்படுகிறது. கதவு, யன்னல் இடைவெளிகளால் மணித்தியாலத்துக்கு ஒரு முறை அறை வளி முழுவதும் வெளி வளியால் மாற்றீடு செய்யப்படுகிறது எனக் கொண்டு, ஒரு மணித்தியாலத்தில் ஒடுங்கும் நீரின் திணிவைக் கணிக்க. (வெப்பநிலை மாற்றத்தால் வளியின் கனவளவில் ஏற்படும் சிறு மாற்றத்தைப் புறக்கணிக்க.)

தீர்வு:
அறையின் கனவளவு = 8 × 6 × 3 = 144 கன மீற்றர்
வெளி வளியின் தனியீரப்பதன் = 30.4 × 80/100 = 24.32 கிராம் / கன மீற்றர்
அறை வளியின் தனியீரப்பதன் = 23.0 × 55/100 = 12.65 கிராம் / கன மீற்றர்
ஒரு கன மீற்றரிலிருந்து அகற்றப்படும் நீர் = 24.32 – 12.65 = 11.67 கிராம்
ஒரு மணித்தியாலத்தில் ஒடுங்கும் நீர் = 11.67 × 144 = ஏறத்தாழ 1680 கிராம்

அதாவது மணித்தியாலத்துக்கு 1.68 லீற்றர் ஆகும். ஆறு மணித்தியாலம் இயங்கினால் ஏறத்தாழ 10 லீற்றர், அதாவது ஒரு வாளி நீர் சேரும். மாணவர்களின் சுவாசத்தாலும் வியர்வையாலும் சேரும் நீர் இதற்கு மேலதிகமானது.

நீரின் ஆவியாதலின் தன்மறைவெப்பம் கிலோகிராமுக்கு 2.4 × 1,000,000 யூல் எனக் கொண்டால், இந்நீரை ஒடுக்குவதற்காக மாத்திரம் ஒரு மணித்தியாலத்தில் அகற்றப்படும் வெப்பம் 1.68 × 2,400,000 = ஏறத்தாழ 4,030,000 யூல் ஆகும். இதனை 3600 செக்கனால் வகுத்தால் ஏறத்தாழ 1120 வாற்று கிடைக்கும். கதவைத் திறந்து வைத்தால் மின்பட்டியல் கூடுவதற்கும் வடிநீர் கூடுவதற்கும் காரணம் ஒன்றே என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

3. நீரின் பாதை

ஒடுங்கிய நீர் செட்டைகள் வழியே கீழிறங்கி நீரேந்து தட்டில் சேரும். தட்டின் ஓரத்திலுள்ள துவாரத்தில் வடிகுழாய் பொருத்தப்பட்டிருக்கும். நீர் அக்குழாய் வழியே சுவரைக் கடந்து வெளியேறும். சாதாரண சுவர் அலகுகளில் நீரைத் தள்ளுவதற்குப் பம்பி இல்லை. புவியீர்ப்பு மாத்திரமே நீரை நகர்த்துகிறது.

எனவே இப்பாடத்தின் மையக் கருத்து இதுவாகும்: நீர் தோன்றுவது பழுதன்று, நீர் பாதை தவறுவதே பழுது. ஆகையால் நீர் சொட்டும்போது மூன்று வினாக்களை மாத்திரம் எழுப்புங்கள்.

(அ) பாதை அடைபட்டுள்ளதா?
(ஆ) பாதை எங்காவது மேல்நோக்கிச் செல்கிறதா?
(இ) பாதைக்கு வெளியே எங்காவது நீர் தோன்றுகிறதா?

4. பழுதுகளும் பரிகாரங்களும்

4.1 வடிகுழாய் அடைபடல்

தூசியும், ஈரத்தில் வளரும் நுண்ணங்கிகளும் சேர்ந்து வழுவழுப்பான படையாகிக் குழாயை அடைக்கும். வெளி முனையில் குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு.

அறிகுறி: வளிச்சீராக்கி நன்கு குளிர்விக்கும். ஆனால் வெளி முனையில் நீர் வராது; உள் அலகின் அடியில் சொட்டும்.

பரிகாரம்: வெளி முனையில் உள்ள மண், அழுக்கு என்பவற்றை அகற்றுக. ஈரத்தையும் உறிஞ்சக்கூடிய தூசி உறிஞ்சியை வெளி முனையில் பொருத்தி அடைப்பை வெளியே இழுக்கலாம். பின்னர் தட்டினுள் சிறிதளவு இளஞ்சூடான நீரை மெதுவாக ஊற்றிக் கழுவுக. கொதிநீர் பிளாஸ்டிக் பாகங்களை நெளியச் செய்யுமாதலால் அதனைத் தவிர்க்க. வெளி முனையிலிருந்து பலமாக ஊதினால் அழுக்கு மீண்டும் தட்டுக்கே செல்லும்.

எச்சரிக்கை: நீர் கலந்த வினாகிரியால் கழுவலாம். ஆனால் வினாகிரியையும் வெளிற்றும் தூளையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். அவை தாக்கமுற்று நச்சுத்தன்மையான குளோரீன் வாயுவை வெளிவிடும். (இரசாயனவியலிலும் இது வினவத்தக்கது.)

4.2 சாய்வு பிழையாக இருத்தல்

வடிகுழாய் ஒவ்வொரு மீற்றருக்கும் குறைந்தது 1 சென்ரிமீற்றர் வீதம் தொடர்ந்து கீழிறங்குதல் வேண்டும். குழாய் ஓரிடத்தில் தொய்ந்து மீண்டும் மேலெழுந்தால் என்ன நிகழும்?

தட்டின் ஆழம் 3 சென்ரிமீற்றர் எனவும், குழாயின் ஒரு பகுதி தட்டின் அடியிலும் 5 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளது எனவும் கொள்க. அம்மேட்டைத் தாண்டுவதற்குத் தட்டில் நீர் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்க வேண்டும். ஆனால் 3 சென்ரிமீற்றரிலேயே தட்டு நிரம்பி வழிந்துவிடும். ஆகவே குழாய் முற்றிலும் சுத்தமாக இருந்தாலும் ஒரு துளி நீரும் வெளியேறாது. எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. மேட்டை அகற்றுவதே பரிகாரம்.

வடிகுழாயின் முனையை வாளி நீரினுள் அமிழ்த்தி வைப்பதும் இவ்வகைத் தவறே. முனை 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருப்பின், குழாயினுள் அகப்பட்ட வளி வெளியேற 1000 பஸ்கால் மேலதிக அமுக்கம் தேவை. (அமுக்கம் = ஆழம் × அடர்த்தி × ஈர்ப்பார்முடுகல் = 0.10 × 1000 × 10.) தட்டில் நிற்கும் 3 சென்ரிமீற்றர் நீர் வழங்குவது 300 பஸ்கால் மாத்திரமே. இதனால் நீரோட்டம் தடைப்படலாம். குழாயின் முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே திறந்திருத்தல் வேண்டும்.

உள் அலகு கிடையாக உள்ளதா என்பதை மட்டப்பலகை கொண்டு சோதிக்க. துவாரத்துக்கு எதிர்ப்பக்கமாக அலகு சரிந்திருந்தால் அப்பக்கத்தால் நீர் வழியும். யன்னலில் பொருத்தும் ஒற்றை அலகாயின் அது வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருத்தல் வேண்டும். அவ்வகை அலகுகள் சிலவற்றில் விசிறி நீரை அள்ளி ஒடுக்கியின் மீது வீசுவதற்காக அடியில் சிறிது நீர் தேங்க விடப்பட்டிருக்கும். அது பழுதன்று.

4.3 சுருளில் பனிக்கட்டி படிதல்

வடிகட்டியில் தூசி நிறைந்தால் சுருளினூடாகச் செல்லும் வளி குறையும். சுருளுக்குக் கிடைக்கும் வெப்பமும் குறைவதால் அதன் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே இறங்கி, ஒடுங்கும் நீர் உறையும். வளிச்சீராக்கியை நிறுத்தியதும் பனிக்கட்டி உருகி, நீர் தட்டுக்கு வெளியேயும் சிந்தும். குளிரூட்டற் பதார்த்தம் கசிந்து குறைந்தாலும் சுருளின் உள்ளே அமுக்கம் குறைந்து, தாழ்ந்த வெப்பநிலையில் ஆவியாதல் நிகழும். அப்போதும் பனிக்கட்டி படியும்.

அறிகுறி: குளிர் வளி குறையும், சுருளில் வெண்படை தோன்றும், நிறுத்திய பின்னரே அதிக நீர் சொட்டும்.

பரிகாரம்: குளிர்விப்பை நிறுத்தி விசிறியை மாத்திரம் இயக்கிப் பனிக்கட்டியை உருக விடுக. கத்தியால் சுரண்ட வேண்டாம். செப்புக் குழாய் துளைபடும். வடிகட்டியைக் கழுவி நிழலில் உலர்த்திப் பொருத்துக. அதன் பின்னரும் பனிக்கட்டி படிந்தால் பயிற்சி பெற்ற தொழினுட்பவியலாளரை அழைக்க. முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பின்னரே குளிரூட்டற் பதார்த்தத்தை நிரப்புதல் வேண்டும். பழைய சாதனங்களில் உள்ள ஆர்-22 ஓசோன் படையைப் பாதிப்பது. புதிய சாதனங்கள் பலவற்றில் உள்ள ஆர்-32 எரியும் இயல்புடையது. எனவே இவ்வேலை மாணவருக்குரியதன்று.

4.4 வெப்பக் காவலி சேதமடைதல்

உள் அலகுக்கும் வெளி அலகுக்கும் இடையில் செல்லும் குளிர்ந்த செப்புக் குழாயின் மீது நுரைக் காவலி சுற்றப்பட்டிருக்கும். அது கிழிந்த இடத்தில் குழாயின் மேற்பரப்பு பனிபடுநிலைக்குக் கீழே இருப்பதால் அங்கு நீர் ஒடுங்கும்.

அறிகுறி: உள் அலகின் அடியில் அன்றி, சுவரோரமாகத் தூரத்தில் ஈரம் தோன்றும். வடிகுழாய் சரியாக வடிந்துகொண்டிருக்கும்.

பரிகாரம்: குழாயை உலர்த்தி, இடைவெளி இன்றிப் புதிய காவலி சுற்றி, மூட்டுகளை நாடாவால் ஒட்டுக.

4.5 தட்டு வெடித்தல்

தட்டில் வெடிப்போ துருப்பிடித்த துவாரமோ இருப்பின், குழாய் திறந்திருந்தும் கீழே நீர் சொட்டும். தட்டை மாற்றுதல் வேண்டும்.

5. வேலை தொடங்குமுன்

– தொலைக் கட்டுப்படுத்தியால் நிறுத்துவது போதாது. அவ்வளிச்சீராக்கிக்குரிய சுற்றுடைப்பானைத் துண்டிக்க.
– கீழே உள்ள மின்சாதனங்களை அப்புறப்படுத்துக. மின்வழங்கற் பலகையில் நீர் பட்டிருப்பின் அதனைத் தொடாது பிரதான ஆளியைத் துண்டிக்க.
– ஏணியை மற்றொருவர் பிடித்திருத்தல் வேண்டும்.
– வெளி அலகைத் திறக்க வேண்டாம். அதிலுள்ள கொள்ளளவி, மின்னைத் துண்டித்த பின்னரும் ஏற்றத்தைக் கொண்டிருக்கலாம்.

6. வடிந்த நீரை என்ன செய்வது?

இது ஆவி ஒடுங்கிய நீராயினும் காய்ச்சி வடித்த நீரைப் போலத் தூயதன்று. சுருளின் உலோகமும் தூசியும் நுண்ணங்கிகளும் இதில் கலந்திருக்கும். எனவே குடிக்க வேண்டாம். தரை கழுவவும் பூஞ்செடிகளுக்கு ஊற்றவும் பயன்படுத்தலாம்.

ஆனால் வாளியில் தேங்க விடுவது ஆபத்தானது. டெங்கு பரப்பும் நுளம்பு இத்தகைய தெளிந்த தேங்கு நீரிலேயே முட்டையிடும். முட்டை நிறைவுடலியாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை போதுமானது. 2017 இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். வாளியை நாள்தோறும் வெறுமையாக்குக. வாரம் ஒரு முறை அதன் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுக.

7. மாதிரி வினாக்கள்

பல்தேர்வு

1. ஓர் அறையின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ். தனியீரப்பதன் கன மீற்றருக்கு 17.3 கிராம். மேலே தரப்பட்ட பெறுமானங்களின்படி பனிபடுநிலை (பாகை செல்சியஸ்),
(1) 10 (2) 15 (3) 20 (4) 25 (5) 30

2. வளிச்சீராக்கியின் சுருளில் வெண்படை தோன்றி, நிறுத்திய பின் அதிக நீர் சொட்டுகிறது. முதலிற் சோதிக்க வேண்டியது,
(1) சுவரின் நிறப்பூச்சு (2) வடிகட்டி (3) வாளி (4) யன்னல் (5) தொலைக் கட்டுப்படுத்தியின் மின்கலம்

3. வடிகுழாய் சீராக வடிகிறது. உள் அலகிலிருந்து 2 மீற்றர் தூரத்தில் செப்புக் குழாய் வழியே நீர் சொட்டுகிறது. பெரும்பாலும் காரணமாவது,
(1) வடிகுழாய் அடைபடல் (2) தட்டு வெடித்தல் (3) உள் அலகு சரிந்திருத்தல் (4) காவலி சேதமடைதல் (5) விசிறி நின்றுபோதல்

விடைகள்: 1 – (3), 2 – (2), 3 – (4)

அமைப்புக் கட்டுரை வினா

மேற்கூறிய கணினிக் கூடத்தில் பின்வரும் அவதானங்கள் பெறப்பட்டன. வளிச்சீராக்கி நன்கு குளிர்விக்கிறது. சுருளில் பனிக்கட்டி இல்லை. இயக்கி ஏறத்தாழ அரை மணித்தியாலத்தின் பின் உள் அலகின் அடியில் நீர் சொட்டத் தொடங்குகிறது. வெளி முனையில் நீர் வருவதில்லை. விடுமுறையில் சுவருக்கு நிறம் பூசியபோது வடிகுழாய் கழற்றப்பட்டு, யன்னலின் மேலுள்ள சீமெந்துத் தட்டின் மேலாகக் கட்டப்பட்டிருந்தது. நீரேந்து தட்டின் கொள்ளளவு 800 கன சென்ரிமீற்றர்.

(அ) "வாயு கசிந்து நீராகிறது" என்ற கூற்றை மறுக்க இரு காரணங்கள் தருக.
(ஆ) வெறுமையான தட்டு நிரம்ப எடுக்கும் நேரத்தைக் கணிக்க. அதிலிருந்து நீர் பெறும் முடிவு யாது?
(இ) பழுது யாதாக இருக்கலாம்? அதனை ஒரு எளிய சோதனையால் எவ்வாறு உறுதிப்படுத்துவீர்?
(ஈ) பரிகாரத்தைக் கூறுக.

விடைக் குறிப்பு

(அ) குளிரூட்டற் பதார்த்தம் வளிமண்டல அமுக்கத்தில் வாயுவாகவே வெளியேறும். அது நீராக மாறாது. மேலும் அது கசிந்திருப்பின் குளிர்விப்புக் குறைந்திருக்கும், இங்கு அவ்வாறில்லை.

(ஆ) ஒரு நிமிடத்தில் ஒடுங்கும் நீர் = 1680 ÷ 60 = 28 கிராம், அதாவது 28 கன சென்ரிமீற்றர். தேவையான நேரம் = 800 ÷ 28 = ஏறத்தாழ 29 நிமிடங்கள். இது அவதானித்த நேரத்துடன் பொருந்துகிறது. எனவே தட்டு முற்றாக நிரம்பிய பின்னரே நீர் வழிகிறது. தட்டில் வெடிப்பு இல்லை. வடிகுழாய் வழியே நீர் சற்றும் வெளியேறவில்லை.

(இ) வடிகுழாய் தட்டின் மட்டத்திலும் உயர்ந்து செல்கிறது. நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளிலும் நீர்மட்டம் சமமாக இருக்கும் என்பதைப் பயன்படுத்தி, தட்டின் துவாரத்தின் உயரத்தையும் வடிகுழாயின் மிக உயர்ந்த இடத்தின் உயரத்தையும் ஒப்பிடலாம்.

(ஈ) குழாயைச் சீமெந்துத் தட்டின் கீழாக, மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் வீதம் தொடர்ந்து இறங்குமாறு மீளப் பொருத்துதல். பின்னர் தட்டில் 500 கன சென்ரிமீற்றர் நீரை ஊற்றி, அது வெளி முனையால் வெளியேறுகிறதா எனச் சோதித்தல்.

பரீட்சார்த்திகள் வழமையாக விடும் தவறுகள்

– சாரீரப்பதன்களை நேரடியாகக் கழித்தல் (80 – 55). வெப்பநிலைகள் வேறுபடுவதால் இது தவறு. முதலில் தனியீரப்பதன்களைக் காண வேண்டும்.
– அவதானம் ஒன்றையும் குறிப்பிடாது "அடைப்பு" என்று மாத்திரம் எழுதுதல். எந்த அவதானம் எந்தக் காரணத்தை நீக்குகிறது எனக் காட்டினாலே முழுப் புள்ளியும் கிடைக்கும்.

மாணவர்களே, அக்கணினிக் கூடத்துக்குப் புதிய வளிச்சீராக்கி தேவைப்படவில்லை. இரண்டு ஆணிகளும், சில மீற்றர் குழாயும், நீர் பள்ளத்தை நோக்கியே ஓடும் என்ற அறிவும் போதுமாயிருந்தன. உங்கள் பாடசாலையிலோ வீட்டிலோ, அருகிலுள்ள கடையிலோ வளிச்சீராக்கி இருப்பின், அதன் வடிகுழாய் செல்லும் பாதையை நிலத்தில் நின்றவாறே ஒரு முறை அவதானித்துப் படம் வரைந்து பாருங்கள். பரீட்சை மண்டபத்தில் அப்படம் உங்களுக்கு நிச்சயம் கைகொடுக்கும்.